தெரியாத சனத்தோடு கதையை எங்கே தொடங்குவது?

நெளுக்குளம் பெடியன்:

வணக்கம். வயது 27. வவுனியா நெளுக்குளத்தில் பிறந்து வளர்ந்தவன். அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்து நான்கு மாதமாக மல்லாவிப் பக்கம் வேலை. காலையில் வவுனியாவில் ஏறி மாங்குளம் சந்தியில் இறங்கி, வெள்ளாங்குளம் வீதியால் போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். பின்னேரம் அதே வழியால் திரும்புவேன். சந்தியில் நிற்கும் நேரம் மட்டும் சில நாட்களில் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும்.

எனக்குத் தெரியாத ஆட்களோடு கதை வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் சாமானைக் கேட்பேன், மிச்சக் காசை வாங்குவேன், வந்துவிடுவேன். சலூனில் தலைமயிர் வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், வெட்டுகிறவர் ஏதும் கேட்டுவிடுவாரோ என்று. வவுனியா ரவுனுக்குள் அப்படி இருந்தே சமாளித்துவிட்டேன். இனி முடியாது. அடுத்த மாதம் முதல் உதவித் திட்டத்துக்குப் படிவம் நிரப்ப வீடு வீடாகப் போகவேண்டும். யார் வீட்டுப் படலையில் நின்று என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

சரி, நானே பழகுவோம் என்று முடிவெடுத்தேன். சந்தியில் ஒரு நாளைக்கு ஒரு ஆளோடாவது கதைப்பது. முதல் கிழமை இரண்டு பேரிடம் நேரம் கேட்டேன். கையில் போனை வைத்துக்கொண்டு நேரம் கேட்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவர்களும் சிரித்தார்கள்.

பிறகுதான் இது நடந்தது. சந்தியில் ஒரு அம்மாவைக் கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் காண்பேன். எழுபது வயதிருக்கும். பிளாஸ்ரிக் வாளி ஒன்றில் உமி போட்டு, அதற்குள் ஊர்க்கோழி முட்டைகளைப் புதைத்துக் கொண்டுவந்து கடைகளுக்குக் கொடுப்பவர். வெறும் உமி வாளியோடு வவுனியாப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நிற்பார். ஒருநாள் பக்கத்தில் இருந்து, "பஸ் வருமோ அம்மா?" என்று கேட்டேன். "வரும் மோனை, வராமல் எங்கை போறது" என்று சிரித்தார். எனக்குத் துணிவு வந்துவிட்டது. "எவடம் அம்மா?" என்றேன். கனகராயன்குளத்துக்கு உள்ளே ஒரு இடத்தைச் சொன்னார். "எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன். என் அம்மாவும் மாமிமாரும் பஸ்ஸில் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்விதான் அது. வாயில் தானாக வந்தது.

"இருந்தவை" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. போனை எடுத்து, யாரோ அழைத்தது போலக் காதில் வைத்துக்கொண்டு எழும்பி அங்காலே போய்விட்டேன். பஸ் வந்தபோது அவர் முன்கதவால் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பின்கதவால் ஏறினேன். மூன்று கிழமை ஆகிறது. அவர் நிற்கும் நாட்களில் நான் வீதியின் மற்றக் கரையில், மரத்துக்குக் கீழே நிற்கிறேன். அதற்குப் பிறகு ஒருவரோடும் கதைக்கவில்லை.

ஒன்றும் தெரியாதவன் இல்லை நான். 2009 இல் யுத்தம் முடிந்தபோது எனக்கு 11 வயது. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த சொந்தக்காரர் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் ஒரு வருடம் இருந்தார்கள். யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்று அப்போதே பழக்கப்பட்ட வீடு. அப்படியிருந்தும் கேட்டுவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் வேலை செய்தவர்கள், சனத்தோடு பழகினவர்கள் சொல்லுங்கள். கதையை எங்கே தொடங்குவது? அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டுமா?


ஏ9 லொறிக்காரன்:

தம்பி, 2002 இல் பாதை திறந்ததிலிருந்து ஏ9 இல், அதுதான் கண்டி - யாழ்ப்பாண வீதியில், லொறி ஓடுகிறவன் நான். 2006 இல் பூட்டினார்கள், வீட்டில் இருந்தேன். திறந்தார்கள், திரும்பவும் ஓடுகிறேன். பக்கத்தில் கிளீனர் இல்லாத நாளில் வழியில் நிற்கும் யாரையும் ஏற்றிக்கொள்வேன், நித்திரை வராமல் இருக்கவேண்டுமே.

பழகவேண்டும் என்றால் மாங்குளம் சந்தி சரிவராது. அங்கே எல்லோருக்கும் பஸ்ஸில்தான் கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை முறிகண்டிப் பிள்ளையாரடிக்குப் போ. யாழ்ப்பாணம் போகிறவனும் கொழும்பு போகிறவனும் அங்கே நிறுத்தாமல் போகமாட்டான். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, நெற்றியில் திருநீறோடு வந்து கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பான். பத்து நிமிடத்துக்கு அவனுக்கு வேறு வேலை இல்லை. பக்கத்தில் நின்று கச்சானை உடைத்துக்கொண்டே "இண்டைக்கு நல்ல சனம்" என்று சொல்லிப்பார். பதில் சொல்லாதவனை நான் இன்னும் காணவில்லை. சரையை நீட்டினால் வாங்கமாட்டான், தெரியாத ஆள் தருவதை வாங்கச் சனத்துக்கு இப்போது பயம். ஆனால் நீட்டினதற்காகவே கதைப்பான்.

ஒன்று மட்டும். வெளிக்கிட்டு நிற்கிற ஆளிடம் "எங்கை போறியள்?" என்று கேட்காதே. போகிற காரியம் பிழைத்துப்போனால் உன் தலையில்தான் விழும். "தூரமோ?" என்று கேள். எங்கே என்பதை அவர்களே சொல்வார்கள்.


வளாகத்துப் பிள்ளை:

அண்ணா, நான் உளவியலை ஒரு பாடமாகப் படிக்கிறேன். உங்கள் கதையை வாசித்ததும் ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் 2014 இல் வெளியிட்டது. சிக்காகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருக்கும் தெரியாத ஆளோடு கதைக்கச் சொன்னார்கள். சிலரைத் தனியே பேசாமல் இருக்கச் சொன்னார்கள். சிலரை வழமைபோல விட்டார்கள். கதைத்தவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்ததாம். வேறு ஆட்களிடம் "எது நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, பேசாமல் இருப்பதுதான் என்று தலைகீழாகச் சொன்னார்களாம். மற்ற ஆளுக்கு நம்மோடு கதைக்க விருப்பம் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு இருப்பதுதான் காரணம்.

இன்னொன்று 2018 இல் வந்தது, எரிக்கா பூத்பி என்பவர் வேறு சிலரோடு சேர்ந்து செய்தது. முதல் தடவை சந்தித்துக் கதைத்த இருவரிடம் தனித்தனியே கேட்டால், "என்னை அவருக்குப் பெரிதாகப் பிடித்திருக்காது" என்றுதான் இருவரும் நினைப்பார்களாம். உண்மையில் மற்றவருக்கு அதைவிடக் கூடப் பிடித்திருக்குமாம். அந்த அம்மா உங்களைப் பற்றி நினைத்திருப்பதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மோசமாக இருக்காது.


ரொறன்ரோ மாமா:

நான் போன ஓகஸ்டில் ஊருக்கு வந்தபோது பட்ட பாடு. கனடாவில் லிப்டுக்குள் யாரையும் கண்டால் காலநிலையில்தான் தொடங்குவோம். அந்தப் பழக்கத்தில் கிளிநொச்சிச் சந்தைக்குள் ஒரு தேங்காய் வியாபாரியிடம் "இண்டைக்கு நல்ல வெயில் என்ன?" என்றேன். மனிசன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "எண்டைக்கு இல்லை? எப்ப வந்தனீங்கள்?" என்றார். தேங்காய் விலையும் அந்த இடத்திலேயே ஏறிவிட்டது. வன்னியில் காலநிலை என்றால் மழைதான், அதுவும் விதைப்புக் காலத்தில்.


பழைய மருத்துவிச்சி:

தம்பி, நான் குடும்பநல உத்தியோகத்தராக 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். சனம் அந்த நீட்டுப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நேரே நின்றால் "மிஸ்", அங்காலே திரும்பினால் "மருத்துவிச்சி". ஒட்டுசுட்டான் பக்கம்தான் கூடுதலாக இருந்தேன். பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தரம் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கடமை. ஆகவே தெரியாத வீட்டுப் படலையில் நிற்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முதல் வருடம் நானும் பயத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, "வீட்டில் ஆளில்லை" என்று எழுதியிருக்கிறேன். இப்போது சொன்னால் ஓய்வூதியத்தை நிறுத்தமாட்டார்கள்தானே.

முதலில் அந்த அம்மா. கேட்டது பிழைதான். சின்னப் பிழை. எழும்பிப் போனீரே, அதுதான் பெரியது. "ரெண்டு" என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கதையை முடித்திருக்கலாம் அவர். அப்படிச் சொல்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர், கேட்கிறவர் சங்கடப்படக்கூடாது என்பதற்காக. அவர் உமக்கு உண்மையைச் சொன்னார், ஒரே சொல்லில். நீர் அந்த வாங்கிலேயே இருந்திருக்கலாம். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. "ம்" என்றுவிட்டு, பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். கொஞ்சம் பொறுத்து அவரே வேறு ஏதாவது கதைத்திருப்பார். கதையைத் தொடங்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர். நீர் எழுதினதைப் பார்த்தால் தொடங்கத் தெரிந்திருக்கிறது, "பஸ் வருமோ அம்மா" நல்ல தொடக்கம். இருக்கத்தான் தெரியவில்லை.

2010 இல் சனம் திரும்பக் குடியேறின காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் கிளினிக் நடத்தினோம். கர்ப்பிணிகளுக்கான படிவத்தில் இது எத்தனையாவது கர்ப்பம், உயிரோடு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கும். படிவத்தில் அது மேலே. நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். முதலில் நிறை பார்ப்பேன். பிரஷர் பார்ப்பேன். காலில் வீக்கம் இருக்கோ என்று அமத்திப் பார்ப்பேன். இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். எல்லாம் முடிந்த பிறகு பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கேட்பேன். வந்த பதிலை மனதில் வைத்திருந்து, அவள் எழும்பிப் போன பிறகு எழுதுவேன். ஒரு பிள்ளை விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துக்குள்ளையே போனதும் கணக்கோ மிஸ்?" என்று கேட்டாள். கணக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அவள்தான் கதைத்தாள். வெளியே வரிசையில் நின்ற மற்றவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி உம்முடைய வேலைக்கு வருவோம்.

படலையில் நின்று நான் கூப்பிடும் முதல் வசனம் 31 வருடமும் ஒன்றுதான்: "நாய் கட்டியிருக்கோ?" இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கேட்கவேண்டிய கேள்வி, உமக்குக் காலில் கடி வாங்காமல் போகவேண்டும். அவர்களுக்கும் பதில் சொல்வது சுகம். "அது கடியாது, வாங்கோ" என்று சொல்லும்போதே "வாங்கோ" வந்துவிட்டது பாரும். கடியாது என்று சொன்ன நாய் என்னை இரண்டு தரம் கடித்திருக்கிறது, அது வேறு கதை. அடுத்த முறை போகும்போது "ஜிம்மி எங்கை?" என்று நாயைப் பெயர் சொல்லிக் கேட்டீர் என்றால் நீர் பாதி வீட்டுக்காரன்.

பைலைப் பையில் போடும். கையில் பைலும் பேனையுமாக ஒருவன் படலையில் நின்றால் சனம் என்ன சொல்லும் தெரியுமோ? "பதிவுக்கு வந்திருக்கினம்." எங்கள் சனம் வாழ்நாளில் எத்தனை பதிவுக்கு எத்தனை வரிசையில் நின்றது! குடும்பத்தில் எத்தனை பேர், முந்தி எங்கே இருந்தனீங்கள், மற்றவர் எங்கே என்று முகம் பாராமல் கேட்டவர்கள் எல்லோரிடமும் பைல் இருந்தது. நீர் நல்ல மனதோடு வந்தாலும் உம்முடைய கையில் அதைத்தான் முதலில் காண்பார்கள்.

இருக்கச் சொன்னால் இரும். கதிரையை சீலைத் தலைப்பால் துடைத்துத் தந்தால் "பரவாயில்லை" என்று நின்றுகொண்டிருக்காதேயும். தேத்தண்ணி கேட்பார்கள். "தண்ணி தாங்கோ" என்று நீரே முந்திக்கொண்டு கேளும். ஏனென்றால் சீனி இல்லாத வீட்டில் சின்னப் பிள்ளையைப் பின்வேலியால் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். கடன் வாங்கின சீனியில் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவர்கள் உதவிக்குத் தகுதியோ இல்லையோ என்று எழுதுவது வடிவில்லை. தண்ணி என்றால் அந்தப் பிரச்சினை இல்லை, கதையும் அதிலிருந்தே வரும். நல்ல தண்ணியோ, சவரோ? கிணறு எப்ப வெட்டினது? கோடையில் வத்துமோ? ஒரு கிணற்றிலிருந்து அந்த வீட்டின் முழுக் கதையும் எனக்கு வந்திருக்கிறது, நான் ஒன்றையும் தோண்டிக் கேளாமல்.

கமக்காரரிடம் "எத்தினை ஏக்கர்?" என்று எடுத்தவுடன் கேட்காதேயும். "எத்தினை மாடு?" என்றும் வேண்டாம். உம்மிடம் ஒருவர் வந்து சம்பளம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு கிடக்கு என்று கேட்டமாதிரித்தான் அது. "இந்த முறை என்ன நெல்லு போட்டனீங்கள்?" என்று கேளும். ஏக்கர் கணக்குத் தானாக வரும். துணுக்காய்ப் பக்கம் என்றால் ஆனையையும் விசாரியும். "வழியிலை ஆனை நிக்குமோ?" என்று கேட்டால், நேற்று இரவு எந்த வேலியை முறித்தது, எத்தனை வாழையைத் திண்டது என்று ஒழுங்கைச் சனம் எல்லாம் வந்துவிடும்.

கேட்பதற்கு முன்னம் உம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்லும். நான் நெளுக்குளம், பஸ்ஸில்தான் வாறன், இண்டைக்குச் சாப்பாட்டுப் பெட்டியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். இப்படி எதுவும். உம்மை எங்கே வைப்பது என்று அவர்களுக்கும் தெரியவேண்டும்.

மன்னிப்பு வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்டமாதிரித்தான். பக்கத்தில் போய் இரும். வீட்டுக்குத் தேவையென்றால் முட்டை வாங்கும். தேவையில்லாமல் வாங்காதேயும், அது அவருக்கு விளங்கிவிடும்.

வளாகத்துப் பிள்ளைக்கு: ஆய்வு நல்லாய்த்தான் இருக்கு. சிக்காகோ ரயிலில் பைலோடு ஒருவரை ஏற்றிப் பார்த்தவையோ என்று கேட்டுச் சொல்லும்.


ஆறரை பஸ்:

எல்லோரும் தொடங்குவது எப்படி என்று சொல்கிறீர்கள். தொடங்கப்படுகிற ஆளாக நான் ஒன்று சொல்லவேண்டும். கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலை ஆறரைக்குப் பஸ். பக்கத்தில் இருக்கும் ஆண்கள் "சும்மா" கதைக்கத் தொடங்குவார்கள். "எங்கை வேலை?" "எத்தினை மணிக்கு முடியும்?" "இறங்கி எந்தப் பக்கம் நடக்கவேணும்?" கேட்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பதிலையும் சேர்த்தால் இரவில் என் வீட்டுக்கு வருவதற்கு வழி கிடைத்துவிடும். அதனால்தான் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருப்பேன், அதில் பாட்டு ஒன்றும் ஓடாது.

அண்ணா, நீங்கள் இளம் பெண்கள் இருக்கும் வீடுகளுக்கும் போவீர்கள். வாசலில் நின்றே கதையுங்கள், மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. வீட்டில் பெரியவர் இல்லையென்றால் பிறகு வாருங்கள். பஸ்ஸில் என்றால், ஒரு தரம் சொல்லி ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். நான் கதைத்த தெரியாத ஆண் ஒருவர் இருக்கிறார். பரந்தனில் ஏறும் ஒரு ஐயா. ஜன்னல் கண்ணாடி இறுகிப்போய் நான் இழுத்துக்கொண்டு நின்றபோது, "அது கீழை ஒரு தட்டுத் தட்டினால்தான் வரும் பிள்ளை" என்றார். தட்டினேன், வந்தது. அவர் தன் பேப்பரைத் திரும்ப விரித்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த நாள் நானாகத்தான் அவருக்குக் குட்மோர்னிங் சொன்னேன்.


தர்மபுரத்தான்:

"எவடம்?" என்ற கேள்வியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறின குடும்பம் எங்களது. தாத்தா அப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பிறந்தது இங்கே, படித்தது இங்கே, ஓடினதும் இங்கிருந்து, திரும்பி வந்ததும் இங்கே. "எவடம்?" என்று கேட்டால் "தர்மபுரம்" என்பேன். அதோடு விடுகிறவர்கள் குறைவு. "இல்லை, அதுக்கு முதல்?" என்பார்கள். நான் வாய் திறந்த விதத்திலேயே அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும், ஆனாலும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறினவர்களுக்கும் இதே இரண்டாம் கேள்வி வரும், "எந்தக் கோயிலடி?" என்று. அதில் அவர்கள் தேடுவது சாதியை. இடத்தைக் கேட்கிறமாதிரி ஆளை அளக்கிற வேலை.

அதற்காகக் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஊரை விசாரிக்காமல் தமிழனுக்குக் கதை வருமா என்ன. நான் கேட்பது "இப்ப எங்கை இருக்கிறீங்கள்?" என்று. பத்து இடம் இடம்பெயர்ந்த ஆளுக்கும் அதற்கு ஒரு பதில் இருக்கும். முந்தின இடங்களைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். முதல் பதிலோடு நின்றுவிடவேண்டும், அவ்வளவுதான்.


பழைய மருத்துவிச்சி:

தர்மபுரத்தான் தம்பி, "அதுக்கு முதல்?" என்று நானும் கேட்டிருக்கிறேன். எத்தனை வீட்டில் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


நெளுக்குளம் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, ஏனென்றால் எழுதுவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கிழமை அந்த அம்மா வரவில்லை. நான் பயந்துபோய், கடைக்காரர் ஒருவரிடம் "முட்டை அம்மாவைக் காணேல்லை" என்று விசாரித்தேன். (தெரியாத ஆளோடு நானாகத் தொடங்கின கதை, கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.) கோழிகளுக்கு நோய் வந்துவிட்டதாம், முட்டை இல்லையாம்.

முதல் வீடுகளுக்கும் போனேன். நாய் கட்டியிருக்கோ என்று கேட்டேன். நாய் இல்லாத வீடு. "எங்களிட்டை நாய் இல்லை, ஏன்?" என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், "நாய்க்குப் பயம்" என்றேன். அந்த வீட்டுச் சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான், தாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணி கேட்டுக் குடித்தேன். சவர். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினேன். இரண்டாவது வீட்டில் மருத்துவிச்சி அம்மா சொன்னபடி பைலைப் பையில் வைத்துவிட்டுப் போய், கடைசியில் படிவத்தை வெளியே எடுக்க மறந்து சந்திவரை வந்து திரும்பிப் போனேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மா சந்தியில் நின்றார். வாளி கையில். நான் வீதியைக் கடந்து வந்து பக்கத்தில் இருந்தேன். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தோம். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது, கை தானாகப் போனுக்குப் போகிறது. பிறகு வாளிக்குள் பார்த்தேன். அடியில் நான்கு முட்டை மிச்சம்.

"பஸ் குலுக்கிற குலுக்கிலை உடையாதோ அம்மா?" என்றேன்.

"உமியை அமத்திப் போடக்கூடாது மோனை, தளர விடவேணும். அமத்தினால்தான் உடையும்" என்றார். முட்டையின் கூரான பக்கம் கீழே இருக்கவேண்டும் என்றார். கோழி நோயைப் பற்றிச் சொன்னார், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தது, பன்னிரண்டில் ஏழு செத்தது. ஏழையும் தாட்டாராம், "சின்னவன் இருந்தால் புதைக்க விடான், கறி வைக்கச் சொல்லுவான்" என்றார். நான் "ம்" என்றேன். எழும்பவில்லை. அவரும் மேலே ஒன்றும் சொல்லவில்லை. வீதியால் ஒரு லான்ட்மாஸ்டர் நெல்மூட்டையோடு போனது, அதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முட்டை வாங்கவில்லை. வீட்டில் இருக்கிறது.

வவுனியா பஸ் வந்தது. வாளியை நான் தூக்கி ஏற்றினேன், அவர் முன்கதவால் ஏறினார், நானும் பின்னால் அதே கதவால் ஏறினேன். வலப்பக்கம் ஒரு சீற் காலியாக இருந்தது. இருக்கப் போனேன்.

"றைவர் பக்கம் இருக்காதை மோனை" என்றார். "புளியங்குளம் மட்டும் வெயில் முகத்திலை அடிக்கும்."